எழுத்தில் தெரிவிக்கவும்

குடிநீருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் வீடு தேடி வந்து கேட்டபோது எனக்கு அது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். ஊரில் எனக்கு ட்ரெஷரி சார் என்றுதான் பெயர். பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், எந்தக் கட்சிச் சண்டைக்கும் போகாத ஆள் வேண்டும் என்று தலைவர் சொன்னார். இரண்டுக்கும் நான்தான் பொருத்தம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் இடையில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரி காய்ந்துபோன அந்தக் கோடையில் ஊராட்சிப் போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. தினமும் காலையில் வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. அதிலும் நேரம் கிடையாது. கரண்ட் இருந்து டேங்க் நிரம்பினால் திறப்பார்கள்; விடியற்காலையிலும் வரும், மத்தியானத்திலும் வரும். வெளியே போன நேரத்தில் வந்து போய்விட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவவும் தண்ணீர் இருக்காது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது என்று ஊரே பேசியது.

எண்களை வாங்க நானே கிளம்பினேன். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கடைசித் தெருவுக்கு வந்தபோது தெருமுனையிலேயே நின்றுகொண்டு, கண்ணில் பட்ட ஒருவரைக் கூப்பிட்டு, எல்லோர் எண்ணையும் வாங்கி வரச் சொன்னேன். அந்தத் தெரு காலனி. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம், கடைசித் தெரு என்போம். அதில் எங்களுக்கு ஒரு நாகரிகப் பெருமை உண்டு. வெயில் அதிகம் என்பதால்தான் உள்ளே போகவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற தெருக்களிலும் அதே வெயில்தான் அடித்தது.

குழு நன்றாகவே நடந்தது. டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறந்ததும் எனக்குப் போன் செய்வார். "சார், தொறந்துட்டேன், போட்டுடுங்க" என்பார். நான் உடனே "இன்று குடிநீர் தற்போது திறக்கப்பட்டுள்ளது. சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று போடுவேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போடுவேன். நான் போட்ட சில நிமிடங்களில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். ஊராட்சிக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது விதி. வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. என் வீட்டிலும் இருந்தது. ஆபரேட்டர் போன் செய்ததும் முதலில் என் மோட்டாரைப் போடுவேன். பிறகு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தகவலை எழுதுவேன். இதை ஒரு தவறு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை செய்கிறவனுக்கு அந்த அளவுகூடக் கிடையாதா என்றுதான் இருந்திருக்கும், நினைத்திருந்தால்.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. காலை வணக்கம் என்று பூப்படம் போடுவார்கள். காதுகுத்துப் பத்திரிகை போடுவார்கள். யாரோ ஒருவருடைய மாடு காணாமல் போய், கிடைத்து, மறுபடியும் காணாமல் போயிற்று. இதையெல்லாம் கண்டித்து விதி எழுதினேன். குடிநீர் பற்றி மட்டும், எழுத்தில் மட்டும். அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவனுக்கு ஒரு நம்பிக்கை ஊறிவிடும். தாளில் வராத விஷயம் நடக்காத விஷயம். வாயால் சொல்வதை யாரும் கோப்பில் வைக்க முடியாது.

அந்த விதிக்கு அடங்காதவர் கடைசித் தெருவில் ஒரு பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர். நடவுக்கும் களையெடுக்கவும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். தண்ணீர் திறந்த ஒவ்வொரு நாளும் குரல் பதிவு அனுப்புவார். முதல் பதிவைக் கொஞ்சம் கேட்டேன். "சார், கடசித் தெருவுலேர்ந்து பேசறேன். தண்ணி வர்துன்னு போட்டுக்கிறீங்க. இங்க பைப்புல காத்துதான் வர்து" என்று ஆரம்பித்தது. பின்னால் கோழி கத்தியது, யாரோ யாரையோ திட்டினார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. "குரல் பதிவுகள் ஏற்கப்படமாட்டா. குறைகளை எழுத்தில் தெரிவிக்கவும்" என்று பதில் போட்டேன். அடுத்த முறையும் குரல்தான் வந்தது. அதற்கும் அதே பதில். எங்கள் தெரு அரிசிக் கடைக்காரர், "சார், அந்தம்மா நம்ம குரூப்புல எஃப்.எம். ஸ்டேஷன் தொறந்துட்டாங்க" என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நான் சிரிக்கிற முகம் போடவில்லை. கண்டித்து ஒரு வரியும் எழுதவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து, பூப்படங்களோடு சேர்த்து அந்தக் குரல் பதிவுகளையும் என் போனிலிருந்து அழிப்பேன். இடம் அடைக்கிறதே என்று. பிறகு ஒருநாள், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றிவிட்டேன். நிர்வாகி என்றால் நானும் தலைவரும்தான். அன்றிலிருந்து குழு அமைதியாயிற்று. ஒவ்வொருவராகக் கடைசித் தெருக்காரர்கள் குழுவை விட்டு விலகியதும் எனக்குத் தெரிந்தது. நிர்வாகிக்கு அது காட்டும். எண்ணை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே ஒரு வருடம் ஓடியது.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். சின்ன வயது, பொறுமையான ஆள். கடைசித் தெருவுக்குத் தனியாக ஒரு போர், ஒரு சின்ன டேங்க், தனிக் குழாய் போடலாமா என்று ஒரு யோசனை இருப்பதாகவும், இதே வேலையை இன்னொரு ஊரும் கேட்பதாகவும், எங்கே அவசியம் அதிகம் என்று பார்க்க வந்திருப்பதாகவும் சொன்னார். கடைசித் தெருவிலிருந்து புகார் ஏதாவது உண்டா என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். மாதக்கணக்கில் என் செய்திகள்தான் இருந்தன. ஒரு புகாரும் இல்லை. "நல்லா நடத்துறீங்க சார். மத்த ஊராட்சியிலயும் இத மாதிரி செய்யச் சொல்லணும்" என்றார். நான் டீ வாங்கி வரச் சொன்னேன். கடைசித் தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, அங்கேயும் இதே தண்ணீர்தான் போகிறது என்று நானே சொன்னேன். வேலை அந்த இன்னொரு ஊருக்குப் போயிற்று.

மறுமுறை தண்ணீர் திறந்த அன்று காலையில் நான் கடைசித் தெருவுக்குள் நடந்து போனேன். நல்ல எண்ணத்தோடு போனதாகச் சொல்லமாட்டேன். பொறியாளர் நம் குழுவைப் பாராட்டினார், விலகிப் போனவர்கள் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லத்தான் போனேன். கொஞ்சம் பெருமையாகவே போனேன்.

தெருவில் குழாய்களைக் காணோம். பிறகுதான் தெரிந்தது, எல்லாம் தரைக்குக் கீழே இருந்தன. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு குழி. குழாயை வெட்டி மட்டம் இறக்கி, அதன் வாயில் சொம்பை வைக்கிற அளவுக்கு மண்ணைத் தோண்டியிருந்தார்கள். தரைக்கு மேலே ஏறி வர அந்தத் தண்ணீருக்குப் பலமில்லை. ஒரு குழிக்குள் அந்தப் பெண்மணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொம்பில் பிடித்துப் பிடித்து மேலே இருந்த குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், வயி தப்பி வந்துட்டீங்களா?" என்றார்.

பொறியாளர் வந்ததையும் புகாரே இல்லை என்று பாராட்டியதையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"பேசறவங்க வாய அடைச்சிட்டு, யாரும் பேசலன்னு காட்டினீங்களா சார்?" என்றார். பிறகு, கோபமில்லாமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "நீங்க அதுல போட ஆரம்பிக்கறதுக்கு முன்ன எங்களுக்குத் தண்ணி வந்துகினு இருந்திச்சி. எப்போ தொறக்கறாங்கன்னு உங்க தெருவுல பாதி பேருக்குத் தெரியாது. மோட்டார் போட ஆள் இருக்காது. தண்ணி அது பாட்டுக்கு பள்ளத்துல எறங்கி இங்க வந்துடும். இப்போ நீங்க போட்ட ஒடனே ஊரே மோட்டாரப் போட்டு இஸ்துக்குது. இதத்தான் சார் தெனம் பேசி அனுப்பினேன். கேக்கலியா?"

கேட்கவில்லை என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

அடுத்த குழியிலிருந்து இன்னொரு பெண் தலையை நீட்டி, "அவள மட்டும் கேக்காதீங்க சார். குழிய ஆழமா தோண்டி வச்சிக்கினு நாயம் பேசறா. அவ ரொப்பிக்கினு போனப்புறம்தான் எனக்கு வர்து" என்றார். இவர் திரும்பி, "நீ தோண்ட வேணாம்னு உன் கைய யாரு புடிச்சாங்க?" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வேலைக்குப் போகும் வண்டி ரோட்டில் ஹாரன் அடித்தது. பாதிக் குடத்தோடு அவர் எழுந்தார். தண்ணீருக்காக நின்றால் வண்டி போய்விடும், வண்டிக்குப் போனால் தண்ணீர் போய்விடும். இப்படி வாரத்தில் பாதி நாள் கூலியை விட்டதாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து போனில் அந்தக் குரல் பதிவுகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. அழித்தவன் நான்தானே.

தண்ணீர் வரும் நேரத்தை எல்லோருக்கும் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டேங்க்கில் இருந்த தண்ணீர் என் செய்தியால் ஒரு சொட்டும் கூடவில்லை. யார் முதலில் இழுப்பது என்பது மட்டும் தீர்மானமாயிற்று.

அன்றே குழுவை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். கடைசித் தெருக்காரர்களைத் திரும்பச் சேர்த்தேன். பாதிப் பேர் உடனே விலகினார்கள். மோட்டார்களை எடுத்துவிட வேண்டும் என்று நீளமாக ஒரு வேண்டுகோள் எழுதினேன். நல்ல தமிழில் இருந்தது. கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. மறுமுறை தண்ணீர் திறந்ததும் மோட்டார்கள் வழக்கம்போல் ஓடின. அரிசிக் கடைக்காரர் தனியாக எனக்கு எழுதினார்: முதலில் உங்களுடையதை எடுங்கள் சார், பிறகு பார்க்கலாம். நியாயம்தான். உத்திரமேரூரிலிருந்து பிளம்பரை வரவழைத்து எடுத்தேன். மாடித் தொட்டிக்கு இனி யார் தண்ணீர் தூக்குவது என்று என் மனைவி கேட்டாள். ஊருக்கு நல்லவனாக ஆவதற்கு என் இடுப்புதானா கிடைத்தது என்றும் கேட்டாள். எடுத்தாயிற்று என்று அரிசிக் கடைக்காரரிடம் சொன்னபோது, "நீங்க பென்ஷன்காரரு சார். எங்களுக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டார்.

ஆபரேட்டரிடம் பேசினேன். தகவல் போடாமல் விட்டால் என்ன என்று அவரே சொன்னார். சில நாள் போடாமல் இருந்தேன். கடைசித் தெருவில் தண்ணீர் குழிக்கு மேலே ஏறி வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருவில் அட்மின் தூங்குகிறாரா, கிழவருக்குக் கண் தெரியவில்லையா என்று குழுவிலேயே எழுதினார்கள். கடைசியில் ஆபரேட்டரையே பிடித்து, அவர் நேரடியாகப் போன் செய்யும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய வேலை தலைவர் கையில்; தலைவருடைய வோட்டு எங்கள் தெருவில்.

ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். பொறியாளர் மரியாதையாக உட்கார வைத்தார். நடந்ததைச் சொன்னேன். "சார், அன்னைக்கு நீங்கதானே காட்டினீங்க" என்றார். தவறாகக் காட்டினேன் என்றேன். சம்பந்தப்பட்டவர்கள் யாராவது வந்து மனுவாகக் கொடுக்கட்டும், அடுத்த பட்டியலில் சேர்க்க முடியுமா பார்க்கலாம் என்றார். வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு தான் என்ன செய்ய முடியும் என்று வருத்தத்தோடுதான் கேட்டார். அந்த வருத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த வருத்தம். எத்தனையோ பேரிடம் நானும் அப்படி வருந்தியிருக்கிறேன்.

அந்தப் பெண்மணியைக் கூப்பிடப் போனேன். முதல் முறை வரமாட்டேன் என்றார். இரண்டாம் முறை, நடவு வேலை தள்ளிப்போன சமயம் என்று நினைத்து வரச் சம்மதித்தார். கிளம்பிய அன்று காலையில்தான் வேலை இருப்பதாகச் செய்தி வந்தது. இருந்தாலும் வந்தார். பஸ்ஸில் நான் ஒரு சீட்டில், அவர் பெண்கள் பக்கம். வழியெல்லாம் போனைக் காதருகே வைத்து, தான் இல்லாமல் எந்த வயலுக்கு யார் யார் போக வேண்டும் என்று குரல் பதிவாக அனுப்பிக்கொண்டே வந்தார். பதில்களும் குரலாகவே வந்தன. இருபது பேர் வேலையை அவர் அப்படித்தான் நடத்துகிறார். ஒரு எழுத்து அதில் கிடையாது, ஒரு குழப்பமும் கிடையாது.

அலுவலகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனுவை எழுதினோம். அவர் சொல்ல நான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. முதல் பத்தியை முடித்துப் படித்துக் காட்டினேன். கடைசித் தெருவின் ஏழை எளிய மக்கள் கண்ணீர் மல்க என்று ஆரம்பித்திருந்தேன்.

"யாரு சார் அழுதது?" என்றார். "அத எட்த்துடுங்க. மோட்டாரு எழுதுங்க. எந்தெந்த வூட்ல கீதுன்னு எழுதுங்க."

எங்கள் தெரு வீடுகளை வரிசையாக எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும், "உங்க வூடு?" என்றார். எடுத்துவிட்டேனே என்றேன்.

"எட்த்தது இப்போ. எங்களுக்கு வராம போன வருசம் பூரா இருந்திச்சில்ல?"

என் வீட்டை எழுதினேன். பிறகு, அவர் கேட்காமலே, குழுவில் புகார் சொன்னவர்களை நான் பேசவிடாமல் செய்தேன் என்பதையும், பொறியாளரிடம் காட்டியது அந்த அடைத்து வைத்த குழுவை என்பதையும், அவர் கடைசித் தெருவைப் பார்க்க விரும்பியபோது வேண்டாம் என்று தடுத்தது நான் என்பதையும் சேர்த்தேன். எழுதும்போது கை நடுங்கியதாகச் சொன்னால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. என் கையெழுத்து எப்போதும் போல் நேராகத்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.

பொறியாளர் இல்லை. களப்பணிக்குப் போயிருந்தார். முன்மேசையில் இருந்தவர் மனுவை வாங்கி முத்திரை குத்தி அடுக்கின் மேல் வைத்தார். எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, பட்டியல் வரும்போது தெரியும் என்றார். பட்டியல் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நானும் இதே கேள்வியோடு வந்தவர்களை இப்படித்தான் பார்த்திருப்பேன் என்று தோன்றியது.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வெகுநேரம் நின்றோம். டீ சாப்பிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அவர் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. கேட்டார். இன்றைக்கு மத்தியானமே தண்ணீர் திறந்துவிட்டார்களாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் அடுத்தது நாளை மறுநாள்தான்.

"அவ என் குழியிலயும் புடிச்சிக்கினு இருப்பா" என்று அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "புடிச்சிக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு வாட்டி வரணும்னா வேல நாள்ல கூப்டாதீங்க சார். ஞாயித்துக்கெழம பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. சரி என்றேன். இப்போது மனு கொடுத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஏரி நிரம்பி மறுபடியும் பாதியாகிவிட்டது. பட்டியல் வரவில்லை. அடுத்த முறை தனியாகவே போய் வருகிறேன், உங்கள் கூலி போக வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். எழுதினால் படிக்கமாட்டார். நேற்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு குரல் பதிவாகப் பேச ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. இன்றைக்கும் ஒருமுறை முயன்று பார்க்கப்போகிறேன்.